மணலை எண்ணியவர்கள் கிணற்றை எண்ணவில்லை

மன்னார்த் தீவின் நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது என்பதைப் பேசாலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்தைக் காட்டிலும் பேர்த் நகரில் பங்கு வாங்கி விற்கும் ஒருவர் துல்லியமாக அறிவார். இது மிகையன்று. அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான டைட்டானியம் சாண்ட்ஸ் என்ற நிறுவனம் ஆண்டுக்கணக்காக வெளியிட்டுவந்த அறிவித்தல்களில் தலைமன்னார் முதல் தீவின் மறுமுனை வரை எங்கெங்கே துளையிடப்பட்டது, எத்தனை மீற்றர் ஆழத்தில் எத்தனை வீதம் பாரக் கனிமம் கிடைத்தது என்பதெல்லாம் அட்டவணை அட்டவணையாக அச்சாகியுள்ளன. அவை ஆங்கிலத்தில், முதலீட்டாளரை நோக்கி எழுதப்பட்டவை. அந்தத் துளைகள் எவருடைய வேலிக்குள் இடப்பட்டனவோ அவருக்கு அவற்றில் ஒரு பக்கமேனும் தமிழில் கொடுக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கனிய மணல் அகழ்வைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஆர்ப்பாட்டங்கள், ஹர்த்தால்கள், ஆயர் இல்லத்தின் அறிக்கைகள், பாராளுமன்ற உரைகள் எல்லாவற்றையும் வாசகர்கள் அறிவார்கள். எவரும் தொடாத ஒரு பாத்திரத்தைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன். அவர் அரசியல்வாதியும் அல்லர், முதலாளியும் அல்லர். கையில் மடிகணினியும் காலில் சப்பாத்துமாக விமானத்தில் வந்திறங்கி, அளந்து, வரைந்து, கையொப்பமிட்டுவிட்டுப் போகும் வெளியாலோசகர் அவர். ஒரு சுரங்கம் எப்படி அமையவேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து தோண்டவேண்டும், ஆண்டுக்கு எத்தனை தொன், எந்த இயந்திரம், கழிவு எங்கே, துறைமுகம் எங்கே என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கின்ற மனிதர் அவர்தாம். அமைச்சர் கையொப்பமிடும் வேளையில் தீர்மானிப்பதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.

அவரைத் திருடன் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான ஆலோசகர்கள் தங்கள் தொழிலை நேர்மையாகச் செய்பவர்களே. அவுஸ்திரேலியாவில் கனிம வளத்தை அறிவிப்பதற்கு ஜோர்க் நெறிக்கோவை என்றொன்று இருக்கிறது. அதன்படி, இத்தனை தொன் இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு 'தகுதிவாய்ந்த நபர்' தன் பெயரையும் தொழில்முறைச் சங்கத்தையும் குறிப்பிட்டுப் பொறுப்பேற்கவேண்டும். அவ்வகைப் படிவில் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் அவருக்கு இருக்கவேண்டும். வளத்தை ஊகிக்கப்பட்டது, சுட்டப்பட்டது, அளக்கப்பட்டது என்று நம்பிக்கையின் படிநிலைக்கேற்பப் பிரித்துக் காட்டவும்வேண்டும். மிக ஒழுங்கான முறை. ஆனால் இந்த ஒழுங்கு முழுவதும் யாரைக் காப்பாற்றுவதற்காக உண்டாக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். அவுஸ்திரேலியாவில் 1960களின் முடிவில் கிளம்பிய நிக்கல் பங்குப் பித்தில் பணத்தைத் தொலைத்த முதலீட்டாளர்களின் அனுபவத்திலிருந்து பிறந்த ஒழுங்கு அது. பங்குக்காரரை ஏமாற்றாதே என்பதே அதன் முதற்கட்டளை. பூர்வகுடியை, மீனவரை, கிணற்றுக்காரரை ஏமாற்றாதே என்று சொல்லும் அதே வலிமையுள்ள நெறிக்கோவை ஒன்றும் இல்லை. அவர்கள் பங்குதாரர்கள் அல்லர் அல்லவா.

மன்னாரில் நடந்த துளைப்பின் வரலாறே இதற்குப் போதிய சாட்சி. முதலில் கைத்துளைப்பான்களால் மேல்மணலைச் சோதித்தார்கள். இரண்டு மூன்று மீற்றரில் நிலத்தடி நீர் வந்துவிடும், அத்துடன் துளைப்பு நின்றுவிடும். பிறகு இயந்திரத் துளைப்பான் வந்தது. நீர்மட்டத்துக்குக் கீழேயும், பன்னிரண்டு மீற்றர் அளவு வரை, கனிமம் தொடர்ந்து செல்வது தெரிந்தது. தொன் கணக்கு பன்மடங்காகப் பெருகியது. அறிவிக்கப்பட்ட வளம் 30 கோடி தொன்னைத் தாண்டிற்று, பாரக் கனிமத்தின் செறிவோ 4 வீதத்தை ஒட்டியதாக இறங்கிற்று. இந்த அறிவித்தல்களில் நிலத்தடி நீரின் பாத்திரத்தைக் கவனியுங்கள். அது துளைப்பானுக்கு ஒரு தடையாக வருகிறது, பின்னர் அந்தத் தடை தாண்டப்படுகிறது. அந்த நீர் பல்லாயிரம் மனிதர்களும் அவர்களின் ஆடுமாடுகளும் பனைகளும் குடிக்கும் நீர் என்பது அந்தக் கணக்கின் எந்தப் பத்தியிலும் சேராது. எவரும் அதை மறைத்தார்கள் என்று குற்றஞ்சாட்டவில்லை. அவர்களிடம் அது கேட்கப்படவில்லை, அவ்வளவே.

மன்னாரை அறியாத வாசகர்களுக்கு இந்த நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தீவில் ஆறு இல்லை, மலை இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் பாரமானது, ஆகவே ஒன்றின்மேல் ஒன்று வில்லை போலப் படிந்து கிடக்கிறது. அந்த வில்லையின் மேற்பரப்பில் ஒரு பூவல் தோண்டினால் குடிக்கக்கூடிய தண்ணீர் ஊறும். ஆழமாகத் தோண்டினால் உப்புத்தான். இதை மன்னாரின் எந்தத் தாயும் அறிவாள். நூலறிவு இதைக் கண்டுகொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒல்லாந்தின் மணற்கரைகளில் இராணுவப் பொறியியலாளர் கைபென் செய்த ஆய்விலும், பின்னர் ஜெர்மனியரான ஹெர்ஸ்பெர்க்கின் எழுத்திலும். அவர்கள் சொன்ன விகிதம் இது: நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றருக்கு நன்னீர் இருக்கும். இந்த விதியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அச்சம் வரும். மேல்மட்டம் பத்துச் சென்ரிமீற்றர் தாழ்ந்து அப்படியே நிலைத்துவிட்டால், அடியிலிருந்து நான்கு மீற்றர் உப்பு மேலேறும். ஓர் ஒடுங்கிய, தாழ்ந்த தீவில் அந்த வில்லை எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

இனி, 'எடுப்பது நான்கு வீதந்தானே, மிச்ச மணலைத் திருப்பிப் போட்டுவிடுவோம்' என்ற வாதத்துக்கு வருவோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டயர் நிலத்தைப் பத்து மீற்றர் ஆழத்துக்குத் தோண்டினால் ஒரு இலட்சம் கனமீற்றர் மணல், நிறையில் சுமார் 1 இலட்சத்து 70 ஆயிரம் தொன். அதில் நான்கு வீதம் 6,800 தொன். இந்த 6,800 தொன்னுக்காக மீதி 1 இலட்சத்து 63 ஆயிரம் தொன் மணலையும் கிளறி, தண்ணீரோடு கலந்து, சுருள் சுருளான சரிவுகளில் ஓடவிட்டு, பாரமானதைப் பிரித்தெடுத்து, இலேசானதைப் பின்னால் கொட்டவேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள படிவுகளில் உலகெங்கும் பழகிய வழி, ஒரு குளத்தைத் தோண்டி அதில் அகழ்வுக் கலத்தை மிதக்கவிட்டு, முன்னால் கரையைத் தின்றுகொண்டும் பின்னால் கரையைத் துப்பிக்கொண்டும் அந்தக் குளத்தையே நகர்த்திச் செல்வதாகும். தென்னாபிரிக்காவின் றிச்சர்ட்ஸ் பேயில் 1970களிலிருந்து இதைத்தான் செய்கிறார்கள்.

இங்கே நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'மணலை அள்ளினால் மன்னார்த் தீவே கடலுக்குள் மூழ்கிவிடும்' என்று மேடைகளில் முழங்குகிறார்கள். அந்த வாதத்தைக் கையிலெடுத்தால் எதிர்த்தரப்பு ஆலோசகர் ஒரே ஒரு தாளில் உங்களை மடக்கிவிடுவார். கனமான கனிமம் நிறையில் நான்கு வீதமானாலும் கொள்ளளவில் இரண்டரை வீதத்துக்குச் சற்றுக் குறைவே. பத்து மீற்றர் தோண்டி நிரப்பினால் இறுதியில் நிலம் இறங்குவது கால் மீற்றர் அளவு. கொட்டிய புதிதில் மணல் பொங்கி, பழைய மட்டத்தைவிட உயர்ந்தும் நிற்கலாம். தீவு மூழ்காது. (மாரியில் ஒழுங்கைகளில் வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்தில் கால் மீற்றரும் அற்பமல்ல என்பது வேறு.) நட்டம் வேறிடத்தில் இருக்கிறது. காற்றும் அலையும் மழையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படியவைத்த மணல் அது. எந்த அடுக்கில் நுண்களி இருக்கிறது, எந்த அடுக்கு நீரைத் தாங்குகிறது, எது கீழே விடுகிறது என்ற அந்த அமைப்பைச் சுருள்களில் அலசிக் கொட்டிய மணலில் மீண்டும் உண்டாக்க எந்தப் பொறியியலாளராலும் முடியாது. வில்லைக்கு நடுவே ஒரு குளத்தைத் திறந்து வெயிலுக்குக் காட்டி, ஆண்டுக்கணக்கில் நகர்த்தினால் அந்த நன்னீர் என்னவாகும் என்பதே கேள்வி. இதை முழங்குங்கள். மறுக்கவேண்டிய பாரம் அப்போது அவர்கள்மேல் விழும்.

மன்னாருக்கு வெளியாலோசகர் புதியவரல்லர். 1902ஆம் ஆண்டு லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் என்ற கடலுயிரியலாளரைக் காலனித்துவ அரசு இங்கே தருவித்தது. முத்துச் சிப்பிகள் சில ஆண்டுகளில் கோடிக்கணக்கில் விளைவதும், பிறகு ஆண்டுக்கணக்கில் சுவடின்றி மறைவதும் ஏன் என்று கண்டறிந்து, குளிப்பை நிலையான வருமானமாக்கும் வழி சொல்லவேண்டும் என்பது அவருக்கிட்ட பணி. சில மாதங்களே தங்கினார். உதவியாளர் ஹோர்னெல் பின்தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். றோயல் சொசைற்றி ஐந்து பாகங்களாக அச்சிட்ட அந்த அறிக்கை விஞ்ஞான உலகில் இன்றும் மதிக்கப்படுவது. பெரிய பார் போன்ற ஆபத்தான பார்களில் விளையும் இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றி வளர்க்கலாம் என்பது அதிலுள்ள யோசனைகளுள் ஒன்று. இடையில் 1905ஆம் ஆண்டு வரலாறு காணாத குளிப்பு வந்தது. அறிக்கையும் கையில், அறுவடையும் கையில். 1906இல் இலண்டனில் கம்பெனி அமைந்தது, முத்துக்குளிப்பு இருபது ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. பல ஆண்டுகளுக்குக் குளிப்பே இல்லை, கம்பெனி குத்தகைக்காலம் முடியுமுன்னரே கலைந்தது.

ஹேர்ட்மன் பொய் சொல்லவில்லை. அவர் எழுதியது ஓர் ஆய்வறிக்கை. பணம் திரட்டுபவர் கைக்கு அது போனபோது, ஆய்வறிஞர் 'இருக்கலாம்' என்று எழுதிய இடங்களெல்லாம் 'இருக்கும்' என்று வாசிக்கப்பட்டன. நட்டப்பட்ட பங்குக்காரர்களுக்காக நான் கண்ணீர் வடிக்கப்போவதில்லை. ஆனால் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் ஒவ்வொரு குளிப்புக்கும் எழுந்து அடங்கிய அந்தக் கூடார நகரத்தை நம்பியிருந்த சுழியோடிகள், சம்மாட்டிகள், சிறு வியாபாரிகள் ஆகியோரின் பெயர்கள் ஐந்து பாகங்களில் எங்கே இருக்கின்றன?

கடலின் அக்கரையிலும் இதே கதைதான். சேதுசமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலையில் தொடக்கி வைத்தார்கள். தூத்துக்குடித் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்காக நீரி நிறுவனம் சுற்றாடல் ஆய்வைச் செய்தது, எல் அண்ட் டி ராம்போல் திட்ட அறிக்கையைத் தயாரித்தது. திட்டத்தைச் செய்யவேண்டியவரே ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுப்பவர். பின்னர் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்து, அதன் விளைவாக அமைந்த பச்சௌரி குழு வேறு கண்ணோடு பார்த்தபோது, பொருளாதார நோக்கிலும் சூழல் நோக்கிலும் அந்தத் திட்டம் ஏற்கத்தக்கதல்ல என்ற முடிவு வந்தது. ஒரே கடல், ஒரே மணல், ஒரே பவளப்பாறை. யார் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறியது.

இந்நாட்டுச் சட்டத்தின் ஓட்டையும் இதுவே. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தின்கீழ் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் ஆய்வு அனுமதி வழங்குகிறது. அகழ்வுக்கு முன் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். அதற்கான வினாக்களை மத்திய சுற்றாடல் அதிகார சபை எழுதிக் கொடுக்கும், நல்லது. ஆனால் அந்த வினாக்களுக்கு விடை எழுதும் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பவரும் அவருக்குப் பணம் கொடுப்பவரும் திட்டத்தை முன்வைக்கும் நிறுவனமே. பரீட்சை எழுதும் மாணவனே திருத்துபவருக்குச் சம்பளம் கொடுக்கும் பாடசாலை எங்காவது உண்டா? ஆண்டுக்கணக்காகத் தயாரித்த அறிக்கையை வாசித்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்குக் கிடைப்பது 30 நாட்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்ட விளக்கக் கூட்டத்தில், இது மன்னார்த் திட்டமல்ல, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பொறியியலாளர் ஒருவரிடம், இந்தத் திட்டம் இங்கே தேவைதானா என்று கேட்டேன். மிகப் பண்பான மனிதர். "அது என் பணி எல்லைக்குள் வராத கேள்வி, ஐயா" என்றார். அன்று மண்டபத்தில் சொல்லப்பட்டவற்றுள் அதுவே மிக நேர்மையான பதில் என்று இன்றும் நினைக்கிறேன்.

வெளியாள் வேண்டாம், எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்வோம் என்பது என் வாதமா? இல்லை. புல்மோட்டையைப் பாருங்கள். 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைந்தது. அந்தக் கரையின் மணலில் பாதிக்கும் மேல் பாரக் கனிமம், உலகிலேயே அரிய செறிவு. ஆறு தசாப்தங்களுக்கு மேலாக இல்மனைட்டைக் கப்பலில் ஏற்றி மூலப்பொருளாகவே அனுப்பினோம். சுண்ணத்துக்கும் வர்ணப்பூச்சுக்கும் வெண்மை தரும் டைட்டானியம் டையொக்சைட்டை நாமே தயாரிக்கும் ஓர் ஆலையை அங்கே எழுப்பவில்லை. உள்ளூர் அறிவு மட்டும் போதும் என்பவர்கள் இதற்கு விடை சொல்லவேண்டும். அப்படியானால் புல்மோட்டையின் அனுபவம் இன்னொன்றையும் சொல்கிறதே: பாதிக்கு மேல் கனிமமுள்ள மணலை வைத்துக்கொண்டு செல்வந்தராகாத நாடு, நான்கு வீத மணலைத் தோண்டிச் செல்வந்தராகும் என்று எந்த ஆலோசகர் எந்தத் தாளில் காட்டினார்? 2022இல் கடன் கட்டமுடியாது கைவிரித்த நாடு என்பதால் எந்த டொலரும் நல்ல டொலர் என்கிறார்கள். கடன்பட்டவன் வீட்டு முற்றத்துக் கிணற்றை விற்பதில்லை.

அவுஸ்திரேலியாவிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். குயின்ஸ்லாந்துக் கரையில் பிரேசர் தீவு என்றொரு பெரும் மணல்தீவு, இன்று அதன் பூர்வகுடிப் பெயரான ககாரி என்றே வழங்குகிறது. அங்கும் இல்மனைட், உரூட்டைல், சேர்க்கன். அங்கும் அனுமதி பெற்ற கம்பெனி, அங்கும் ஆலோசகர். ஆனால் 1975இல் மத்திய அரசு கம்பெனியின் ஆய்வை நம்பியிராமல் தானே ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. பகிரங்க அமர்வுகள் நடந்தன, சாட்சிகள் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டார்கள். 1976இல் வந்த அறிக்கையையடுத்து ஏற்றுமதி அனுமதி மறுக்கப்பட்டது, மணல் அகழ்வு நின்றது. கம்பெனி உச்ச நீதிமன்றம்வரை சென்றும் வெல்லவில்லை. 1992இல் அத்தீவு உலக மரபுரிமைச் சொத்தாயிற்று. அதற்குத் தெற்கே ஸ்ரட்புறோக் தீவிலும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நடந்த மணல் அகழ்வு 2019 முடிவோடு நிறுத்தப்பட்டது. தன் மணல்தீவுகளுக்கு ஒரு நீதியை அந்த நாடு தேடிக்கொண்டது. அதே நாட்டுப் பங்குச் சந்தையில் பணம் திரட்டி வரும் நிறுவனத்திடம் அதே நீதியை நாமும் கேட்பதில் என்ன தவறு?

கேட்பதற்கு வெளிநாட்டு முன்மாதிரிகூடத் தேவையில்லை. நம் நாட்டு உயர் நீதிமன்றமே வழி காட்டியிருக்கிறது. எப்பாவலப் பொஸ்பேற்றுப் படிவை அமெரிக்காவின் ஃபிரீபோர்ட் மக்மொரான் தொடர்புடைய கம்பெனிக்குக் கொடுக்க அரசு முற்பட்டபோது, அப்பகுதி விவசாயிகளும் ஒரு பிக்குவும் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார்கள். 2000 ஜூன் மாதம் நீதியரசர் அமரசிங்க எழுதிய புலன்குலம வழக்குத் தீர்ப்பு, படிவு எங்கே, எவ்வளவு, எத்தரத்தில் இருக்கிறது என்பதைக் கம்பெனி சொல்லிக் கேட்காமல், புவிச்சரிதவியல் பணியகம் தேசிய விஞ்ஞானக் கழகத்தோடும் தேசிய விஞ்ஞான மன்றத்தோடும் கலந்து தானே முழுமையாக ஆராய்ந்து வெளியிடவேண்டும் என்றது. அதன் பின்னரும், சட்டப்படியான சுற்றாடல் அனுமதி பெறாமல் எந்த ஒப்பந்தமும் செய்யலாகாது என்றது. நாட்டின் வளங்களுக்கு அரசு அறங்காவலர், உடைமையாளரல்ல என்ற கோட்பாடும் அதில் பேசப்பட்டது. அநுராதபுர மாவட்டத்து விவசாயிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு மன்னார் மாவட்டத்து மீனவருக்கு ஏன் கிடையாது என்று கேட்க நம் சட்டத்தரணிகளுக்கு வாய் இருக்கிறது.

2024, 2025 ஆண்டுகளில் அளவீட்டுக்கு வந்த அதிகாரிகளை ஊரவர்கள் மறித்துத் திருப்பியனுப்பிய செய்திகளைப் படித்துவிட்டுக் கொழும்பில் சிலர் 'விஞ்ஞானத்துக்கு எதிரான கூட்டம்' என்று எழுதினார்கள். 2020இல் முப்பது காற்றாலைகள் எழுந்தபின் மாரிவெள்ளம் முன்போல் வடிவதில்லை என்று மக்கள் முறையிட்டபோது, அதை அளந்து பார்க்க எந்த விஞ்ஞானி வந்தார்? ஆய்வு என்ற பெயரில் வந்த ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துச் செல்லவே வந்தார்கள் என்பது அவர்களின் அனுபவம். அளப்பவரை அவர்கள் வெறுக்கவில்லை. இதுவரை எவரும் தங்கள் கிணற்றை அளக்கவில்லை என்பதே அவர்கள் கோபம்.

ஆகவே நான் கேட்பது சில எளிய காரியங்கள். துளைப்புத் தரவுகள் அனைத்தும், நீர்மட்டம் பதிந்த ஏடுகள் உட்பட, பிரதேச செயலகங்களில் தமிழில் வைக்கப்படட்டும். குறைந்தது இரண்டு மாரியும் இரண்டு கோடையும் தீவின் கிணறுகள் அளக்கப்படட்டும், ஒரு தொன் மணலைப் பற்றிப் பேசுமுன். மதிப்பீட்டு ஆலோசகருக்கான பணத்தை நிறுவனம் அதிகார சபையிடம் கட்டட்டும், ஆளைத் தேர்வது சபையாகவும் பல்கலைக்கழகங்களாகவும் இருக்கட்டும். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் நிலத்தடி நீரைக் கற்றவர்கள் இல்லாமலில்லை.

டொரொன்டோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் இதைப் படிப்பவர்களுக்கு இறுதியாக ஒன்று. போரில் பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் வள்ளமேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்களின் காணிகள், 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் உடுத்த துணியோடு விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களின் காணிகள், இவையெல்லாம் பல கைகளில், பல நாடுகளில், பாதி உறுதியும் பாதி நினைவுமாகக் கிடக்கின்றன. சுரங்கத்தின் வரைபடம் வரைபவருக்கு இது ஒரு வசதி: தூரத்திலிருக்கும் உரிமையாளர் சீக்கிரம் விற்பார். தரகர் எவரேனும் தொலைபேசியில் அழைத்து, பனங்காணிக்கு நீங்கள் எதிர்பாராத விலை சொன்னால், யாருக்காக வாங்குகிறீர்கள், காணியில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் காணிக்கு அடுத்த வேலியில் இன்னும் குடியிருப்பவர் யார் என்று கேட்டு, அவரோடு ஒரு தடவை பேசிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.